முஸ்தஃபாவைத் தந்தவர்கள் திரும்பி வருகிறார்கள்

தொண்ணூறுகளில் முலுண்டிலோ செம்பூரிலோ மாட்டுங்கா லேபர் கேம்பிலோ வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளிடம் கேப்காம் என்று சொன்னால் முழிப்பார்கள். முஸ்தஃபா என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். ஓடிவந்து காற்றில் பறந்து எதிரியை உதைக்கும் அந்த வீரன் மும்பைப் பையன்களில் ஒரு தலைமுறைக்கே அண்ணன் முறை. விளையாட்டின் உண்மைப் பெயர் ‘காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’. 1993இல் ஒசாகா நகரத்து கேப்காம் நிறுவனம் அதை வெளியிட்டது. இங்கே அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. வீடியோ கேம் பார்லர்காரருக்கும் பையனுக்கும் அது முஸ்தஃபா கேம்தான்.

எங்கள் முலுண்டில் ரயில் நிலையத்தை ஒட்டிய சந்துகளில் அப்படிப்பட்ட பார்லர்கள் இருந்தன. மரப்பெட்டிக்குள் ஒரு டிவி, இரண்டு ஜாய்ஸ்டிக், ஆறு பட்டன், ஒரு ரூபாய்க்கு ஒரு காயின். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கேதான் கூட்டம். ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ கேப்காமுடையது. ‘கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ்’, ‘மெட்டல் ஸ்லக்’ இரண்டும் எஸ்என்கே நிறுவனத்தின் சரக்கு. ‘டெக்கன்’ நாம்கோவினுடையது. வீட்டில் ‘டிவி கேம்’ வாங்கித் தரும் அளவுக்கு வசதியுள்ள அப்பா இருந்தால் கோனாமியின் ‘கான்ட்ரா’வும் நின்டெண்டோவின் ‘மாரியோ’வும் ஹட்சனின் ‘பாம்பர்மேன்’னும் ஒரே கேசட்டில் கிடைக்கும். நாங்கள் ஆடிய அத்தனையும் ஜப்பானிலிருந்து வந்தவை. அது அப்போது எங்களுக்குத் தெரியாது. நாங்கள் ஆடுவது ஜப்பானுக்கும் தெரியாது.

காரணம், அந்தப் பெட்டிகளிலும் கேசட்டுகளிலும் பெரும்பாலானவை நகல். நின்டெண்டோவின் இயந்திரம் சாமுராய் என்ற பெயரில் இந்தியாவில் விற்கப்பட்டது உண்மை. ஆனால் சந்தையை நிரப்பியவை வேறு பெயர்களில் வந்த மலிவு நகல்கள்தான். லாமிங்டன் ரோட்டிலும் மனீஷ் மார்க்கெட்டிலும் அவை மலைபோலக் குவிந்து கிடந்தன. கியோட்டோவுக்கும் ஒசாகாவுக்கும் ஒரு பைசா போகவில்லை. முறையாக வர முயன்ற நிறுவனத்தின் கதையையும் சொல்ல வேண்டும். 1995இல் சேகா தன் மெகா டிரைவ் இயந்திரத்தை மதுபானத் தொழிலுக்குப் பேர்போன ஷா வாலஸ் நிறுவனத்தின் வழியாக இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 80 சதவீத இறக்குமதி வரியைச் சமாளிக்க அந்தக் கூட்டு. அப்படியும் விலை 18,000 ரூபாய். அன்றைக்கு முலுண்டின் எல்.பி.எஸ். மார்க் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த ஒரு குமாஸ்தாவுக்கு அது பல மாதச் சம்பளம். யார் வாங்குவார்கள்?

அந்த சேகா, அந்த எஸ்என்கே, அந்த கோனாமி, அந்த கேப்காம் எல்லாம் பிறகு என்ன ஆயின? நாங்கள் கல்லூரி முடித்து வேலைக்குப் போன காலத்தில் அவற்றில் ஒன்று திவாலானது, ஒன்று இயந்திரம் செய்வதையே கைவிட்டது, ஒன்று தன் தலைசிறந்த படைப்பாளியை வெளியே விட்டது. உலகத்துக்கே விளையாடக் கற்றுக்கொடுத்த ஒரு தொழில் பத்தே ஆண்டுகளில் ஆட்டம் கண்டது. இப்போது அதே நிறுவனங்களில் சில, முன்பு கண்டிராத லாபத்தோடு எழுந்து நிற்கின்றன. இந்த முறை அவற்றின் பார்வை நம் பக்கமும் திரும்பியிருக்கிறது. வீழ்ந்ததும் எழுந்ததும் எப்படி என்று மும்பைக்காரர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

உச்சி

1978இல் டைட்டோவின் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’. 1980இல் நாம்கோவின் ‘பேக்மேன்’. 1981இல் ஷிகேரு மியாமோட்டோ வடித்த ‘டாங்கி காங்’. 1983இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை குப்புற விழுந்தது. கடைக்காரர்கள் அந்தப் பெட்டிகளைத் தொடவே பயந்தார்கள். அதே ஆண்டு ஜப்பானில் நின்டெண்டோவின் ஃபேமிகாம் வெளியானது. 1985இல் அது அமெரிக்கா போய்ச் செத்துக்கிடந்த சந்தையை எழுப்பி உட்கார வைத்தது. அடுத்த 15 ஆண்டுகளுக்குப் போட்டி என்பதே ஜப்பானிய நிறுவனங்களுக்குள்தான். நின்டெண்டோவோடு சேகா மோதியது, இருவரோடும் 1994இல் சோனி வந்து மோதியது. சோனியின் பிளேஸ்டேஷன் 2 உலகெங்கும் 15 கோடிக்கு மேல் விற்றது. உலகில் அதிகம் விற்ற வீட்டு கேம் இயந்திரம் அதுதான்.

சறுக்கல்

முதல் விரிசல் 2001இல் தெரிந்தது. அந்த ஜனவரி மாதக் கடைசியில், ட்ரீம்காஸ்ட் உற்பத்தியை நிறுத்தி இனி இயந்திரமே செய்வதில்லை என்று சேகா அறிவித்தது. அதன் தலைவர் இசாவோ ஒகாவா, நிறுவனம் மூழ்காமல் இருக்கத் தன் சொந்தச் சொத்திலிருந்து சுமார் 69.5 கோடி டாலரைக் கொடுத்துவிட்டு, சில வாரங்களில் காலமானார். அதே ஆண்டு எஸ்என்கே திவாலானது. அதே ஆண்டு ‘ஃபைனல் ஃபேன்டசி’யைத் தந்த ஸ்கொயர் நிறுவனம் திரைப்படத்தில் கைவைத்துச் சுட்டுக்கொண்டது. 13.7 கோடி டாலர் செலவில் எடுத்த படம் உலகம் முழுக்க 8.5 கோடி டாலர்தான் வசூலித்தது.

பிறகு ஒருவரோடு ஒருவர் சேர்ந்துகொள்ளும் காலம். 2003இல் ஸ்கொயரும் எனிக்ஸும், 2004இல் சேகாவும் பச்சிங்கோ என்ற சூதாட்ட இயந்திரம் செய்யும் சாமியும், 2005இல் நாம்கோவும் பொம்மைக் கம்பெனி பண்டாயும், 2009இல் கோயேயும் டெக்மோவும் இணைந்தன. ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ தந்த டைட்டோவை ஸ்கொயர் எனிக்ஸ் வாங்கியது. ‘பாம்பர்மேன்’ தந்த ஹட்சன் 2012இல் கோனாமிக்குள் கரைந்து காணாமல் போனது.

இணைப்புகள் நோயின் அறிகுறிதான். நோய் வேறு இடத்தில் இருந்தது. 2005, 2006இல் எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3 ஆகிய புதிய இயந்திரங்கள் வந்தபோது படத்தின் தெளிவு பன்மடங்கு கூடியது. அதற்கேற்ப ஆள்பலமும் செலவும் கூடின. அமெரிக்க நிறுவனங்கள் ‘அன்ரியல்’ போன்ற பொது எஞ்சின்களை விலைக்கு வாங்கி, அவற்றின்மேல் விளையாட்டுகளைக் கட்டின. எஞ்சின் என்பது படம் வரைதல், ஒளி, அசைவு, மோதல் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் அடிப்படை மென்பொருள். ஜப்பானியர்கள் ஒவ்வொரு விளையாட்டுக்கும் அதை ஏறத்தாழ முதலிலிருந்து எழுதிப் பழகியவர்கள். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அடுப்பையே புதிதாகக் கட்டிச் சமைப்பது போன்ற வழக்கம் அது. பத்துப் பேர் பந்திக்கு அது பெருமை. ஊரையே அழைத்தபோது பந்தி நகரவில்லை. 2006இல் அறிவித்த ‘ஃபைனல் ஃபேன்டசி 13’ 2009 டிசம்பரில் வந்தது. அதோடு சேர்த்து அறிவித்த இன்னொரு விளையாட்டு பெயர் மாறி, இயக்குநர் மாறி, பதினைந்தாம் பாகமாக 2016 நவம்பரில்தான் கடைக்கு வந்தது. பத்து வருடம்!

இரண்டாவது காரணம் வீட்டுச் சந்தை. ஜப்பானில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. இருந்த இளைஞர்களும் டிவி முன் உட்காராமல் ரயிலில் கையடக்கக் கருவியில் ஆடினார்கள், பிறகு கைபேசிக்கு மாறினார்கள். கிரீ, டிஎன்ஏ என்ற கைபேசி விளையாட்டு நிறுவனங்கள் திடீர்ப் பணக்காரர்களாயின. பணம் கட்டிக் குலுக்கல் போல எடுக்கும் ‘கச்சா’ முறைதான் அவற்றின் வருமானம். அதன் மிக மோசமான வடிவம் சட்டத்துக்குப் புறம்பானது என்று 2012 மே மாதம் ஜப்பான் அரசு சொன்னதும் இரண்டின் பங்கு விலையும் சரிந்தது. மும்பை வாசகர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதே கதை 13 வருடம் கழித்து நம் ஊரில் நடந்தது.

மூன்றாவதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது: தன்னம்பிக்கை போனது. 2009 டோக்கியோ கேம் ஷோவில், கேப்காமின் மூத்த தயாரிப்பாளர் கெய்ஜி இனாஃபுனே, ஜப்பான் விளையாட்டுத் தொழில் முடிந்துபோனது என்று வெளிப்படையாகவே சொன்னார். அதற்குப் பின் கம்பெனிகள் தேடிய மருந்து மேற்கத்திய ருசி. கேப்காம் தன் பழம்பெரும் தொடர்களை ஸ்வீடன், கனடா, இங்கிலாந்து ஸ்டூடியோக்களிடம் கொடுத்துச் செய்யச் சொன்னது. ‘பயோனிக் கமாண்டோ’ விற்கவில்லை. ‘டெவில் மே க்ரை’யின் நாயகன் தலைமுடியும் குணமும் மாறி வந்தபோது ரசிகர்கள் கொதித்தார்கள். பயமுறுத்துவதற்குப் பேர்போன ‘ரெசிடென்ட் ஈவில்’, 2012இல் வந்த ஆறாம் பாகத்தில் துப்பாக்கிச் சண்டைப் படமாகிவிட்டது. யாருக்குப் பிடிக்கும் என்று கணக்குப் போட்டுச் செய்தார்கள். யாருக்கும் முழுதாகப் பிடிக்கவில்லை.

இனாஃபுனே 2010இல் கேப்காமை விட்டு விலகினார். ரசிகர்களிடம் நிதி திரட்டி அவர் செய்த ‘மைட்டி நம்பர் 9’ 2016இல் வந்து ஏமாற்றியது. தொழில் முடிந்தது என்று சொன்னவர் வெளியே போய்த் தோற்றார். அவர் விட்டுவந்த நிறுவனம் உள்ளே இருந்தபடியே எழுந்தது.

அந்நேரம் மும்பை

ஜப்பான் தடுமாறிய அதே ஆண்டுகளில் மும்பையில் ஒரு சிறிய தொழில் முளைத்தது. 1999இல் தொடங்கிய இந்தியாகேம்ஸ், கைபேசியில் கிரிக்கெட்டும் சினிமாவும் கலந்த விளையாட்டுகளை விற்றது. 2011இல் டிஸ்னியின் கைக்குப் போனது. நசாரா டெக்னாலஜீஸ் அதே காலத்தில் பிறந்து, 2021 மார்ச்சில் பங்குச் சந்தைக்கு வந்தது. சோனி இங்கே பிளேஸ்டேஷன் 2ஐ விலை குறைத்து விலை குறைத்து விற்றது. அதற்காகவே இந்தியாவில் விளையாட்டுகள் செய்தார்கள். ஹைதராபாத்தில் ‘ஹனுமான்: பாய் வாரியர்’, மும்பை ட்ரைன் ஸ்டூடியோவில் தெருக் கிரிக்கெட், 2011இல் ஷாருக் கானின் ‘ரா ஒன்’. தரம் சுமார்தான் என்று சொல்ல வேண்டும். ஆனால் ஒரு ஜப்பானிய இயந்திரத்துக்காக மும்பைக் கைகள் விளையாட்டு எழுதத் தொடங்கிய காலம் அது. அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஸ்கொயர் எனிக்ஸும் மும்பையில் கிளை திறந்து பார்த்தது. நீண்ட நாள் தாங்காமல் மூடிவிட்டுப் போனது. சில ஆண்டுகள் கழித்து ‘லூடோ ஸெனித்’ என்ற கைபேசித் தாய விளையாட்டோடு மறுபடி எட்டிப் பார்த்தது. ‘ஃபைனல் ஃபேன்டசி’ தந்த நிறுவனம் இந்தியாவைப் பார்த்தபோது அதன் கண்ணுக்குத் தெரிந்தது லூடோதான். இந்தியனுக்கு லூடோ போதும் என்று நினைத்ததில் எனக்குக் கோபம் உண்டு.

எழுந்த விதம்

எழுச்சியின் முதல் பொறியை யாரும் எழுச்சி என்று கண்டுகொள்ளவில்லை. 2009 பிப்ரவரியில் ஃப்ரம்சாஃப்ட்வேர் என்ற நடுத்தர நிறுவனம் ‘டீமன்ஸ் சோல்ஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டது. இயக்கியவர் ஹிடேடாகா மியாசாகி. ஆரக்கிள் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்து, 29 வயதில் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு விளையாட்டுத் துறைக்கு வந்தவர். உள்ளே தோற்றுப்போன ஒரு திட்டத்தைக் கேட்டு வாங்கினார். தோற்றதைத் திருத்துகிறவனை யாரும் தடுக்க மாட்டார்கள் என்பது அவர் எண்ணம். விளையாட்டோ கொடுமைக்குக் கடினம். வழிகாட்டும் அம்புக்குறி இல்லை, தவறினால் மரணம். சோனியின் ஷூஹே யோஷிதா இரண்டு மணி நேரம் ஆடியும் தொடக்கத்தைத் தாண்ட முடியாமல் வெறுத்துப்போனார். ஜப்பானுக்கு வெளியே அதை வெளியிட சோனி முன்வரவில்லை. அட்லஸ் அமெரிக்காவிலும் பண்டாய் நாம்கோ ஐரோப்பாவிலும் வெளியிட்டன. வாய்ச்சொல்லாகவே பரவியது.

2011இல் அதன் வாரிசாக ‘டார்க் சோல்ஸ்’ வந்தது. கணினிக்கும் வேண்டும் என்று பல்லாயிரம் பேர் கையெழுத்துப் போட்டு பண்டாய் நாம்கோவிடம் கேட்டார்கள். கணினியையே கண்டுகொள்ளாத ஜப்பானியப் பதிப்பாளர்களுக்கு அது பெரிய கண்திறப்பு. 2012 ஆகஸ்டில் கணினிப் பதிப்பு வந்தது. படத்தின் தெளிவு மோசம். வெளியான அன்றே ஒரு ரசிகர் தானே திருத்தி இலவசமாகக் கொடுத்தார். அதையும் பொறுத்துக்கொண்டு வாங்கினார்கள். அந்த வரிசையின் பெரிய பிள்ளையான ‘எல்டன் ரிங்’ 2022 பிப்ரவரி 25இல் வெளிவந்து, இரண்டரை ஆண்டுக்குள் 2.5 கோடிப் பிரதிகளைத் தாண்டியது. யாருடைய ருசிக்காகவும் அது தன்னை இளக்கிக்கொள்ளவில்லை.

கேப்காமின் பாதை வேறு. எனக்கு அதிகம் பிடித்ததும் அதுதான். வெளியாருக்கு வேலை கொடுப்பதைக் குறைப்போம், ஆண்டுக்குச் சுமார் நூறு பேரைப் புதிதாக எடுத்து உள்ளேயே வளர்ப்போம் என்று 2013 வாக்கில் முடிவெடுத்தார்கள். அடுப்பு ஒன்றே கட்டுவோம், அதை நன்றாகக் கட்டுவோம் என்று ஆர்இ எஞ்சினை எழுதினார்கள். 2017 ஜனவரியில் ‘ரெசிடென்ட் ஈவில் 7’ அதில் வந்தது. இருட்டு வீடு, கையில் ஒரு விளக்கு, அடுத்த அறையில் என்ன என்று தெரியாத பயம். தொடர் தன் பிறவிக் குணத்துக்கே திரும்பியிருந்தது. 2018 ஜனவரியில் வந்த ‘மான்ஸ்டர் ஹன்டர்: வேர்ல்ட்’, ஜப்பான் ரயில் பயணிகளின் கையடக்க விளையாட்டாக இருந்ததை உலகத்தின் பொதுச் சொத்தாக்கியது. 2 கோடிக்கு மேல் விற்று, கேப்காமின் வரலாற்றிலேயே அதிகம் விற்றது. பழைய ‘ரெசிடென்ட் ஈவில்’ பாகங்கள் புத்துருவம் பெற்றன. 2023 ஜூனில் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’. 2025 பிப்ரவரி கடைசியில் ‘மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ்’. ஒரே மாதத்தில் 1 கோடி. (கணினியில் அது திக்கித் திணறியதற்கு ரசிகர்கள் விட்ட சாபமும் கொஞ்சமல்ல.) பத்தாண்டுக்கு மேலாக ஆண்டுக்கு ஆண்டு செயல்பாட்டு லாபம் கூடிக்கொண்டே வருகிறது.

கேப்காமின் கணக்கில் நம்மைத் தொடும் விஷயம் ஒன்று உண்டு. அது விற்கும் பிரதிகளில் பெரும்பகுதி புதியவை அல்ல, பழைய சரக்கு. இணையக் கடையில் விலையைக் குறைத்துக் குறைத்து 200க்கும் மேற்பட்ட நாடுகளில் வருடக்கணக்கில் விற்கிறார்கள். ஸ்டீம் இணையக் கடை 2015 நவம்பரில் ரூபாயிலேயே விலை போடத் தொடங்கியது. முன்பு மனீஷ் மார்க்கெட்டில் நகல் தட்டு வாங்கிய வயதில் உள்ள பையன் இன்று தள்ளுபடி நாளுக்காகக் காத்திருந்து யூபிஐயில் பணம் கட்டி அசலை வாங்குகிறான். நம் ஊர்க்காரன் திருட்டுப் பிரதிதான் வாங்குவான் என்று காலங்காலமாகச் சொன்னார்களே, அவன் கைக்கு எட்டும் விலையில் அசலை அதுவரை யாரும் வைத்ததில்லை.

நின்டெண்டோ வீழ்ந்த விதமும் எழுந்த விதமும் தனி. 2012 மார்ச்சில் முடிந்த ஆண்டில் சுமார் 4,300 கோடி யென் நட்டம். வீ யூ இயந்திரம் 1.36 கோடியோடு நின்றுபோனது. பங்குதாரர்கள் ஆட்குறைப்பு கேட்டார்கள். தலைவர் சதோரு இவாட்டா மறுத்தார். வேலை போகுமோ என்று அஞ்சுகிறவர்களால் மக்கள் மனதைத் தொடும் விளையாட்டைச் செய்ய முடியாது என்பது அவர் வாதம். 2011இலும் 2014இலும் தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். 2015 ஜூலையில் 55 வயதில் இறந்தார். அவர் காலத்தில் கருவுற்ற ஸ்விட்ச் இயந்திரம் 2017 மார்ச் 3இல் வெளியாகி 15 கோடியைக் கடந்தது. அந்த வெற்றியை அவர் பார்க்கவில்லை.

ஸ்கொயர் எனிக்ஸின் ‘ஃபைனல் ஃபேன்டசி 14’ 2010இல் வந்தபோது ஆட முடியாத அளவுக்கு மோசம். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, மாதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, நவோகி யோஷிடா என்பவரிடம் ஒப்படைத்தது. அவர் பழைய விளையாட்டை நடத்திக்கொண்டே பின்னால் புதிதாக ஒன்றைக் கட்டினார். 2012 நவம்பரில் வானத்திலிருந்து ஒரு நிலவு விழுந்து அந்த உலகம் அழிவதாகக் காட்டி மூடினார்கள். 2013 ஆகஸ்டில் புது உலகம் திறந்தது. இன்றும் அந்த நிறுவனத்துக்குச் சோறு போடுவதில் அதற்குப் பெரிய பங்கு.

2022, 2023இல் கேப்காம், நின்டெண்டோ, சேகா, கோயே டெக்மோ எல்லாம் ஊழியர் சம்பளத்தை உயர்த்தின. கேப்காமில் சராசரி 30 சதவீதம், நின்டெண்டோவில் 10 சதவீதம். 2023இலிருந்து அமெரிக்க, ஐரோப்பிய விளையாட்டு நிறுவனங்கள் ஆயிரமாயிரமாக ஆட்களை வெளியேற்றிக்கொண்டிருந்தன. ஜப்பானில் வேலைநீக்கம் எளிதில்லை என்பது சட்டத்தாலும் வழக்கத்தாலும் உண்மை. ஆனால் ஆளைத் தக்கவைத்தவர்களிடம்தான் கைத்தொழிலும் தங்கியது. 2024இல் ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதை வாங்கியது டோக்கியோவின் டீம் அசோபி செய்த ‘ஆஸ்ட்ரோ பாட்’, நூறு பேர்கூட இல்லாத குழு.

எல்லோரும் எழவில்லை

கோனாமி 2015இல் ஹிடேயோ கோஜிமாவை இழந்தது. ‘மெட்டல் கியர்’ தந்த மனிதர், கடைசிப் பாகம் வெளியானபோது ஏறத்தாழ முகமற்றுப்போனார். பச்சிங்கோவிலும் உடற்பயிற்சிக் கூடத்திலும் நிறுவனம் வருமானம் தேடியது. கால்பந்து விளையாட்டை ‘இஃபுட்பால்’ என்று பெயர் மாற்றி 2021இல் வெளியிட்டபோது ஸ்டீமில் ரசிகர்கள் கொடுத்த மதிப்பெண் அந்தத் தளத்திலேயே மிகக் கீழான ஒன்று. இப்போது ‘சைலன்ட் ஹில் 2’ புத்துருவம், ‘மெட்டல் கியர்’ மூன்றாம் பாகத்தின் புத்துருவம் என்று பழைய நகைகளை மெருகேற்றி வருகிறார்கள். ‘சைலன்ட் ஹில் 2’ஐச் செய்ததே போலந்து ஸ்டூடியோ. இதை நான் மீட்சி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஸ்கொயர் எனிக்ஸ் 2022இல் தன் மேற்கத்திய ஸ்டூடியோக்களை 30 கோடி டாலருக்குக் கொடுத்துவிட்டது. 2024இல் பாதியில் கைவிட்ட விளையாட்டுகளுக்காகச் சுமார் 2,200 கோடி யென்னைக் கணக்கிலிருந்து எழுதித் தள்ளியது. எஸ்என்கே இன்று ஜப்பானியப் பெயர் தாங்கிய சவூதிச் சொத்து. பிளேஸ்டேஷன் பிரிவின் தலைமையகமே 2016இல் கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டது. இதற்கு நடுவே சீனா வேறு. ‘கென்ஷின் இம்பாக்ட்’டும் ‘பிளாக் மித்: வுகோங்’கும் ஜப்பான் பழக்கிய ருசியை ஜப்பானைவிடப் பெரிய கூட்டத்துக்கு விற்கின்றன. அடுத்த பத்தாண்டுப் போட்டி அங்கேதான்.

நம் வாசலில்

2019 பிப்ரவரியில் ஃபுகுவோகாவில் நடந்த டெக்கன் போட்டியில் லாகூரிலிருந்து அர்ஸ்லான் ஆஷ் என்ற இளைஞர் வந்தார். விசா சிக்கல், நீண்ட பயணம், தூக்கமில்லை, கோப்பையை வென்றார். ஆகஸ்டில் லாஸ் வேகாசிலும் வென்றார். தன்னைப்போல் ஆடுகிறவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றார். துணைக்கண்டத்துக் காயின் பார்லர்களில் என்ன வளர்ந்தது என்று உலகத்துக்கு அன்றுதான் தெரிந்தது. தாராவிப் பார்லர்களிலும் அப்படிப்பட்ட கைகள் இருந்தன. போட்டிக்கு அனுப்ப யாரும் இல்லை.

இன்று நிலைமை மாறத் தொடங்கியிருக்கிறது. ‘போக்கிமான் கோ’ 2016 டிசம்பரில் ஜியோவின் கைபிடித்து இந்தியாவுக்கு வந்தது, 2023இல் இந்தி பேசியது. போக்கிமானின் புதிய தொலைக்காட்சித் தொடர் 2024இல் தமிழிலும் ஒளிபரப்பானது. கேம் இயந்திரங்கள்மீது 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2019 ஜனவரியிலிருந்து 18 ஆனது. ஆனாலும் பிளேஸ்டேஷன் 5 மற்ற நாடுகளுக்கு வந்து இரண்டரை மாதம் கழித்து, 2021 பிப்ரவரி 2இல்தான் 49,990 ரூபாய்க்கு நமக்குக் கிடைத்தது. நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 வெளியான 2025 ஜூன் 5இல், அது விற்பனைக்கு வந்த நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லவே இல்லை. வேண்டுமென்றால் துபாய் சரக்கு, லாமிங்டன் ரோடு, வாரன்டி கிடையாது.

அதற்கு முந்தைய ஸ்விட்ச் இயந்திரத்தில்தான் புனேயின் நாடிங் ஹெட்ஸ் செய்த ‘ராஜி’ 2020 ஆகஸ்டில் முதலில் வெளியானது. இந்தியப் புராணம், இந்தியச் சிறுமி. இந்தியாவில் முறையாக விற்காத பெட்டி. 2023 ஜூலையில் டொரன்டோவின் விசை கேம்ஸ் தந்த ‘வெண்பா’வில் புலம்பெயர்ந்த தமிழம்மா இட்லியும் புட்டும் பிரியாணியும் சமைத்து, மகனோடு பேச முயல்கிறாள். 2024இல் அதற்கு பாஃப்டா விருது கிடைத்தது. அந்த விளையாட்டை ஸ்விட்சிலும் பிளேஸ்டேஷனிலும் ஆடலாம். தமிழ்ச் சமையலறையை உலகத்துக்கு எடுத்துப்போன பெட்டிகள் ஜப்பானுடையவை என்பதில் எனக்கு மகிழ்ச்சி. அதைச் செய்தவர்கள் மும்பையிலோ சென்னையிலோ இல்லாமல் கனடாவில் இருந்ததை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது.

சோனி 2023இல் அறிவித்த இந்தியா ஹீரோ திட்டம் இந்தக் குறையைக் கொஞ்சம் தீர்க்கலாம். இந்தியக் குழுக்களுக்குப் பணமும் பயிற்சியும் கொடுத்து பிளேஸ்டேஷனில் வெளியிடும் திட்டம் அது. மும்பையின் அண்டர்டாக்ஸ் ஸ்டூடியோ ஆள்கடத்தலைப் பற்றிச் செய்யும் ‘முக்தி’ முதல் தேர்வுகளில் ஒன்று. கைத்திறமைக்கு இங்கே பஞ்சமில்லை. பெங்களூரின் துருவா 1997இலிருந்தே உலக நிறுவனங்களுக்குப் படம் வரைந்து கொடுத்தது, குருகிராமின் லக்ஷ்யாவும் அதே வேலையைச் செய்தது. ஜப்பானின் போல்டுவின் நிறுவனம் பெங்களூரில் ஆள் வைத்து விளையாட்டுகளைச் சோதிக்கிறது. வரைய நம் ஆள், பிழை பார்க்க நம் ஆள். விளையாட்டின் முகப்பில் மட்டும் நம் பெயர் இல்லை.

அந்த இடத்தை நிரப்பியிருக்க வேண்டிய நம் முதலீடு எங்கே போனது? பணம் கட்டி ஆடும் ரம்மிக்கும் போக்கருக்கும் கற்பனைக் கிரிக்கெட்டுக்கும் போனது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அதற்கெல்லாம் தடை போட்டது. மும்பையின் டிரீம்11 ஒரே வாரத்தில் கட்டணப் போட்டிகளை மூடி, இந்தியக் கிரிக்கெட் சட்டையிலிருந்தும் தன் பெயரை எடுத்துக்கொண்டது. பச்சிங்கோவிலும் கச்சாவிலும் ஜப்பான் பார்த்த அதே பாடம். கேப்காமைக் காப்பாற்றியது ஓர் எஞ்சினும் அதை எழுதத் தெரிந்தவர்களும்தான். அதற்கு அது பொறுமையாகப் பல ஆண்டு சம்பளம் கொடுத்தது. மும்பையில் பணம் இருந்தது, அந்தப் பொறுமை இல்லை.

இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. 2025இல் மத்திய அரசு மும்பையில் இந்தியப் படைப்புத் தொழில்நுட்பக் கழகத்தைத் தொடங்கியது. அனிமேஷனோடு விளையாட்டு உருவாக்கமும் அதன் பாடம். பெட்டர் ரோட்டில் தற்காலிக இடம். நிரந்தர வளாகம் கோரேகாவ் ஃபிலிம் சிட்டியில் எழவிருக்கிறது. அந்த ஃபிலிம் சிட்டியிலிருந்து சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்கு அடியில் 4.7 கிலோமீட்டர் இரட்டைச் சுரங்கம் தோண்டி முலுண்டில் வந்து முடிகிறது கோரேகாவ்–முலுண்ட் இணைப்புச் சாலை. மொத்தம் 12.2 கிலோமீட்டர். சாலை திறந்தால், நகரைச் சுற்றிக்கொண்டு போகாமல் முலுண்ட் பிள்ளை அந்த வளாகத்தை அடையலாம்.

மத்திய அரசுக்கும் மகாராஷ்டிர அரசுக்கும் ஒரு வேண்டுகோள். அந்தக் கழகத்தின் இடங்களைக் கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கு மட்டும் விட்டுவிடாதீர்கள். தாராவி, முலுண்ட், மான்குர்ட் மாநகராட்சிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு உதவித்தொகையோடு தனி இடம் ஒதுக்குங்கள். படம் வரையவும் பிழை பார்க்கவும் மட்டும் பயிற்சி கொடுத்து அனுப்பாமல், எஞ்சின் எழுதச் சொல்லிக்கொடுங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பிள்ளை விளையாட்டு செய்யப் படிக்கிறேன் என்று வந்து நின்றால் கைபேசியைப் பிடுங்காதீர்கள். என்ன செய்திருக்கிறாய், காட்டு என்று கேளுங்கள்.